71 மாடல் எம்ஜிபி-ல கூரைப்பாலம் தேடிப் போறது: ஆறு வருஷ அனுபவம்

ஆறு சீசன் முடிஞ்சிருச்சு, இப்பவாவது எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். வண்டி 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது மேல் டாப்ப எறக்கிட்டு ஓட்டற ரெண்டு சீட் பிரிட்டிஷ் கார், 1798 சிசி, ரெண்டு கார்புரேட்டர், நாலு கியர், ஓவர்டிரைவ் (வேகத்துல இஞ்சின் சுத்தறத கொறைக்கற கூடுதல் கியர்) கிடையாது. நாங்க இருக்கறது அமெரிக்காவுல நியூ ஹாம்ஷயர் மாநிலம், நாஷுவா பக்கம். வாங்கும்போது ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்னுதான் நெனச்சேன், ஆனா முதல் கோடையிலயே ஒரு கூரைப்பாலத்துக்குள்ள ஓட்டிட்டுப் போனேன், அதுக்கப்புறம் எந்தப் பக்கம் கெளம்பினாலும் ஏதாவது ஒரு பாலத்துல போய்த்தான் நிக்குது.

பார்க்காதவங்களுக்காக ரெண்டு வரி. முழுக்க மரத்துல கட்டின பாலம், ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு மேல கூரை. தூரத்துலேர்ந்து பார்த்தா ஆத்து மேல ஒரு கொட்டகைய தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். அந்தக் கூரை நமக்காகப் போட்டது இல்ல, பாலத்துக்காகப் போட்டது. பாரம் தாங்கறது பக்கவாட்டுல இருக்கற மரச்சட்டங்க, அது வருஷம் பூரா மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சு கெடந்தா பத்து இருபது வருஷத்துல உளுத்துப் போயிரும், கூரைய போட்டு மூடிட்டா நூறு வருஷம் தாண்டியும் நிக்குது. ஆனா அதுலயும் ஒரு சிக்கல், பனிக்காலத்துல சறுக்கு வண்டி ஓடணும், கூரைக்குள்ள பனியே விழாது, அதனால அந்தக் காலத்துல ஆள் வெச்சு வெளியிலேர்ந்து பனிய அள்ளிட்டு வந்து பாலத்துக்குள்ள பரப்புவாங்களாம்.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது ஸ்வான்ஸி. ஆஷுவலாட் ஆத்தை ஒட்டி அந்த ஊர்லயும் பக்கத்து வின்செஸ்டர்லயும் சேர்த்து ஆறு பாலம், அரை நாள்ல நிதானமா முடிச்சிடலாம். மேற்கு ஸ்வான்ஸி பாலம் 1832, கிரெஸன் பாலம் 1859, வின்செஸ்டர்ல வெள்ளைச் சட்டமும் சிவப்புக் கூரையுமா இருக்கற ஆஷுவலாட் பாலம் 1864. அது பக்கம் மூடாத பாலம், மரச்சட்டம் அப்படியே வெளிய தெரியும், மூங்கில் தட்டி பின்னினா எப்படி குறுக்கும் நெடுக்குமா இருக்கும், அதே மாதிரி பலகைய பின்னி சந்திக்கற எடத்துல எல்லாம் மர ஆணி அடிச்சிருப்பாங்க. ஐதியல் டவுன்ங்கறவர் 1820-ல பேடன்ட் வாங்கின டிசைன், பெரிய உத்திரம் வேணாம், சாதாரண பலகை இருந்தா போதும், உள்ளூர் தச்சருங்களே கட்டிடலாம். நீளத்துல அடிக்கு ஒரு டாலர்னு ராயல்டி வாங்கினாராம். அதே ஸ்வான்ஸியில ஸ்லேட் பாலம் 1993-ல யாரோ தீ வெச்சு எரிஞ்சு போச்சு, 2001-ல திரும்ப மரத்துலயே கட்டிட்டாங்க. பாலத்துப் பக்கத்துல தயவுசெஞ்சு சிகரெட் பத்த வெக்காதீங்க, இது எல்லாம் ஒரு தீக்குச்சி தூரத்துல இருக்கற விஷயம்.

இதுக்கு ஏன் பழைய வண்டின்னு நெறைய பேர் கேக்கறாங்க. வீட்ல இருக்கற எஸ்யூவியிலயும் அதே பாலத்துல போயிருக்கேன், ஏசி போட்டு கண்ணாடி ஏத்திட்டுப் போனா பத்து செகண்ட் இருட்டு, அவ்ளோதான். எம்ஜிபி-ல டாப்ப எறக்கிட்டு ரெண்டாவது கியர்ல மெதுவா உள்ள நுழையும்போது முதல்ல குளிர்ச்சி மூஞ்சில அடிக்கும், அப்புறம் பழைய மரம் வாசனை, சக்கரம் ஒவ்வொரு பலகை மேலயும் ஏறி எறங்கற கடகட சத்தம், தலைக்கு மேல கூரைக் கட்டை ஒவ்வொண்ணா பின்னாடி போகும், பலகை இடுக்கு வழியா வெயில் கோடு கோடா மடியில விழும். வண்டி சின்னது, ஒத்த லேன் பாலத்துலயும் ரெண்டு பக்கமும் தாராளமா எடம் இருக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, நல்ல வெயில்லேர்ந்து உள்ள போனா கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது, கூலிங் கிளாஸ கழட்டிட்டு லைட்ட போட்டுட்டு எதிர்ல ஆள் வருதான்னு பார்த்துட்டு நுழையுங்க. மழை ஈரத்தோட வர்ற டயர் பலகை மேல வழுக்கும், உள்ள பிரேக் அடிக்கக் கூடாது.

இப்ப கார்னிஷ்-வின்ட்ஸர் பாலத்துக்கு வரேன், இத எழுதறதே அதுக்காகத்தான். கனெக்டிகட் ஆத்து மேல, இந்தக் கரை நியூ ஹாம்ஷயர், அந்தக் கரை வெர்மான்ட். 1866-ல ஜேம்ஸ் டாஸ்கர், பேலா ஃபிளெட்சர்னு ரெண்டு பேர் 9,000 டாலர் செலவுல கட்டினது, நீளம் கிட்டத்தட்ட 450 அடி, நடுவுல ஒரே ஒரு தூண். 1943 வரைக்கும் சுங்கம் வாங்கியிருக்காங்க. 2008-ல ஒஹையோவுல புதுசா ஒண்ணு தெறக்கற வரைக்கும் அமெரிக்காவுலயே நீளமான கூரைப்பாலம் இதுதான். நுழையற எடத்துல மேல ஒரு போர்டு: குதிரைய நடத்தித்தான் ஓட்டணும், இல்லன்னா ரெண்டு டாலர் அபராதம்.

மூணாவது வருஷம், ஜூன் மாசம், பாதிப் பாலத்துல இஞ்சின் ரெண்டு தடவ திக்கிட்டு நின்னுருச்சு. சாவிய திருப்பினா பின்னாடி பெட்ரோல் பம்ப் டிக் டிக்னு கேக்கணும். வீட்டுக்காரிதான் முதல்ல சொன்னா, "என்னங்க, அந்த டிக் டிக் சத்தமே வரலயே". பம்ப்போட பாயின்ட்ஸ் (உள்ள கரன்ட்ட தொட்டுத் தொட்டு விடற முனைங்க) தேஞ்சு போயிருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும், மாத்தாம விட்டது என் தப்பு. நல்லவேளை அது ரெண்டு லேன் பாலம். அவ ஃபோன் டார்ச்ச ஆட்டி வர்ற காரையெல்லாம் ஓரமா அனுப்ப, நான் பலகை மேல மல்லாக்கப் படுத்து பின் வலது சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற பம்ப்ப ஸ்பேனரால தட்டினேன். அப்பதான் பக்கத்துல ஒரு கார் போச்சு. அந்த அதிர்வு முதுகுல தெரிஞ்சுது, கார் எங்க ஏறுச்சு எங்க எறங்குச்சுன்னு முழுசா தெரிஞ்சுது, அது போய் முடிஞ்ச அப்புறமும் மரம் கொஞ்ச நேரம் லேசா அசைஞ்சு அடங்குச்சு. அஞ்சாறு வருஷம் பாலம் பார்த்தாலும் கிடைக்காத ஒரு விஷயம் அந்த ரெண்டு நிமிஷத்துல கெடச்சுது. அந்தக் குதிரை போர்டு ஏன்னு அன்னிக்குத்தான் உடம்புக்குப் புரிஞ்சுது, நாலு கால் பாய்ச்சல்ல ஒரே தாளத்துல அடிச்சா இந்த மரம் எப்படி ஆடியிருக்கும். ஏழாவது தட்டுல பம்ப் கெளம்பிருச்சு.

அங்கேர்ந்து 12ஏ ரோட்ல ஆத்தோரமா மேல போய் வெர்மான்ட்டுக்குள்ள நாலாம் நம்பர் ரோட்டைப் பிடிச்சா குவீச்சி, டாஃப்ட்ஸ்வில், வுட்ஸ்டாக்னு வரிசையா பாலம். டாஃப்ட்ஸ்வில் பாலம் செங்கல் சிவப்பு, 1836-ல கட்டினது. 2011 ஆகஸ்ட்ல ஐரீன் புயல் வெள்ளத்துல அடிபட்டு ரெண்டு வருஷம் மூடிக் கெடந்து 2013-ல தெறந்தாங்க. அதே வெள்ளத்துல தெக்கே பார்ட்டன்ஸ்வில் பாலம் 1870-ல கட்டினது அப்படியே ஆத்தோட போயிருச்சு. அந்தச் சின்ன ஊர் காங்கிரீட் போட்டு முடிச்சிடாம பழைய மாதிரியே பின்னல் மரப்பாலமா 2013-ல கட்டி நிறுத்தியிருக்கு. அதுல ஓட்டிட்டுப் போனப்ப மரம் இன்னும் வெளுக்கல, வாசனை கூட வேற. எனக்கு அந்த ஊர்க்காரங்க மேல ரொம்ப மரியாதை.

வண்டி பத்தி ஆறு வருஷத்துல தெரிஞ்சுக்கிட்டது. ஹைவே வேணாம், அறுபது மைல் வேகத்துல இஞ்சின் 3,400-ல கத்திக்கிட்டே இருக்கும், பேச முடியாது. நாப்பது அம்பதுல கிராமத்து ரோட்ல ஓட்டினா நாள் பூரா அலுக்காது, காலனுக்கு 24, 25 மைல் குடுக்குது. எத்தனால் கலந்த பெட்ரோல்ல பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் கெட்டுப்போயிருச்சு, முதல் வருஷமே மொத்தமா மாத்தினேன். கார்புரேட்டர் மேல இருக்கற குப்பியில எண்ணெய் இருக்கான்னு ஒவ்வொரு டிரைவுக்கு முன்னாடியும் பார்க்கணும், இல்லன்னா ஆக்சிலேட்டர் மிதிச்சா இழுக்காது. பெரிய எதிரி ரோட்டு உப்பு. கதவுக்குக் கீழ இருக்கற சட்டம்தான் வண்டியோட முதுகெலும்பு, அது உள்ளேர்ந்து துருப்பிடிக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். நவம்பர்ல உப்பு தூவ ஆரம்பிச்சா ஷெட்ல விட்டுருவேன், ஏப்ரல் மழை ரோட்டைக் கழுவின அப்புறம்தான் எடுப்பேன். வாங்கப் போறவங்க அந்தச் சட்டத்த தட்டிப் பார்க்காம பணம் குடுக்காதீங்க.

எப்பப் போலாம்? எல்லாரும் இலை நிறம் மாறற அக்டோபர்னு சொல்வாங்க. அழகுதான், மறுக்கல, ஆனா வுட்ஸ்டாக்ல வண்டி வரிசையில நின்னு நின்னு டெம்பரேச்சர் முள்ளு ஏறிட்டே போறப்ப மரத்த யாரு பார்க்கறது. என் ஓட்டு ஜூன் முதல் வாரம், வேலைநாள், காலைல எட்டு மணிக்குள்ள. பாலத்துக்குள்ள நீங்க மட்டும்தான் இருப்பீங்க, கீழ ஆத்து சத்தம் கேக்கும்.

இப்ப புது பம்ப் போட்டாச்சு, பழசையும் ரிப்பேர் பண்ணி டிக்கில வெச்சிருக்கேன், ஸ்பேனரும் கூட. வர்ற ஜூன்ல வடக்கே பாத் ஊருக்கு, அம்மொனூசக் ஆத்து மேல 1832-ல கட்டின பாலம். அந்தப் பக்கம் டாப் எறக்கின வண்டியில போனவங்க இருந்தா ரோடு எப்படின்னு சொல்லுங்க.