கண்ணடிச்ச கார்வெட்டும் காத்து நிக்காத பம்பும்

எங்கிட்ட 76ல வந்த செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு இருக்கு, ஒஹாயோல. சி3, அதாவது மூணாவது தலைமுறை மாடல், ஹெட்லைட் ரெண்டும் உள்ள ஒளிஞ்சிருந்து சுவிட்ச இழுத்தா எந்திரிச்சு வரும்ல, அந்த வண்டிதான். இதுல லைட்ட தூக்க மோட்டார்லாம் கிடையாது, எஞ்சின் காத்த உறிஞ்சறப்ப உண்டாகுற வாக்யூம்லயே (வெற்றிடம்) வேல நடக்குது. 63லேர்ந்து 67 வரைக்கும் வந்த கார்வெட்ல எலக்ட்ரிக் மோட்டார் இருந்துச்சு, 68லதான் இத செய்யற ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) காரன் இந்த ஹோஸ் கூத்த ஆரம்பிச்சான்.

போன மாசத்துலேர்ந்து வலது லைட் டக்குனு எந்திரிக்கும், இடது பாதில நின்னு யோசிக்கும். உங்க கார் என்னப் பாத்து கண்ணடிக்குதுன்னு பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரே சிரிப்பு. ரெண்டு லைட்டும் மக்கர் பண்ணுனா வாக்யூம சேத்து வைக்கற டேங்க், காத்த ஒரே பக்கமா விடற செக் வால்வு, சுவிட்ச்னு பொதுவான பக்கம் பாக்கணும், ஒண்ணு மட்டும்னா அந்தப் பக்கத்து ரிலே (வாக்யூம திருப்பி விடற வால்வு), ஹோஸ், லைட்ட தூக்கி இறக்கற ஆக்சுவேட்டர் இதுல ஏதோ ஒண்ணுதான். அத கண்டுபிடிக்க கேஜ் வச்ச கை வாக்யூம் பம்ப் வேணும், ஆன்லைன்ல இருக்கறதுலயே சீப்பா ஒரு பிளாஸ்டிக் பம்ப் வாங்குனேன். அங்கதான் புடிச்சுது சனி.

ஆக்சுவேட்டர்னா ஒரு தகர டப்பா, உள்ள டயஃப்ரம்னு ஒரு ரப்பர் சவ்வு, ஹோஸ் மாட்ட ரெண்டு நிப்பிள், ஒண்ணு தூக்க இன்னொண்ணு இறக்க. ஹோஸ கழட்டிட்டு பம்ப்ப மாட்டி கேஜ்ல 15 இன்ச் (பாதரச அளவு) வரைக்கும் இழுத்து விட்டேன், முள்ளு அப்படியே சரசரன்னு இறங்குது, அடுத்த நிப்பிள்லயும் அதே கத. ரெண்டு பக்கமும் நிக்கலன்னா டயஃப்ரம் கிழிஞ்சிருச்சுன்னு அர்த்தம், சரின்னு நூறு டாலர் கிட்ட அழுது புது ஆக்சுவேட்டர் வரவச்சேன். மாட்றதுக்கு முன்னாடி சும்மா அதையும் பம்ப் போட்டுப் பாத்தா அதுலயும் முள்ளு இறங்குது! அப்பதான் பொறி தட்டுச்சு, பம்ப் ஹோஸ் வாய கட்டைவிரலால அடைச்சு இழுத்தேன், அப்பவும் இறங்குது. தெர்மாமீட்டருக்கே காய்ச்சல்.

அப்புறம் ஆட்டோஜோன்னு ஒரு கார் பார்ட்ஸ் கடைல டெபாசிட் கட்டி இரும்பு பம்ப் ஒண்ணு கடனா எடுத்துட்டு வந்தேன், திருப்பிக் குடுத்தா முழுக் காசும் கைக்கு வந்துரும், இந்த ஊர்ல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது. கட்டைவிரல் டெஸ்ட்ல முள்ளு 20ல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. பழைய ஆக்சுவேட்டர்ல மாட்டுனா ஒரு நிப்பிள்ல கல்லு மாதிரி நிக்குது, இன்னொண்ணுல மட்டும் ஒழுகுது. அப்போ டயஃப்ரம் நல்லாதான் இருக்கு, லைட்ட தூக்கற கம்பி டப்பாக்குள்ள போற எடத்துல இருக்கற சின்ன ரப்பர் சீல்தான் போயிருக்கு, ஏன்னா கம்பி இருக்கற பக்கத்து அறை மட்டும்தான் அந்த சீல நம்பி இருக்கு. சீல் தனியாவே கிடைக்குது, மாத்துனேன், இப்ப ரெண்டு கண்ணும் ஒண்ணா முழிக்குது. புது ஆக்சுவேட்டர வந்த டப்பாவுலயே போட்டு திருப்பி அனுப்பிட்டேன்.

இரும்பு பம்ப்ல குறை இல்லாம இல்ல. ஹோஸ் மொரமொரன்னு இருக்கு, குளிர்ல கராஜ்ல வச்சா வளையவே வளையாது, ரிலேல இருக்கற குட்டி நிப்பிளுக்கு கூட வர அடாப்டர் லூசா உக்காருது, நான் பழைய ஹோஸ்ல ஒரு துண்டு வெட்டி நடுவுல சொருகித்தான் ஓட்டுனேன். ஆனா ஹோஸுக்கு நடுவுல மாட்டற டி ஜாயின்ட் பொட்டிலயே இருக்கு, எஞ்சின ஓட விட்டு லைன்ல எவ்ளோ வருதுன்னு பாக்கலாம், என் வண்டில ஐட்லிங்ல 18 காட்டுச்சு, 17லேர்ந்து 21க்குள்ள இருந்தா கவலப்பட வேணாம். பிரேக் லைன்ல இருக்கற காத்த வெளிய எடுக்கற (ப்ளீட் பண்ற) குப்பியும் கூடவே வருது, நான் தொடல.

இரும்பு பம்புக்கு நாலு ஸ்டார். பிளாஸ்டிக்குக்கு ஒண்ணு குடுக்கவே மனசு வரல, ரிட்டர்ன் டேட் வேற தாண்டிப் போச்சு, இப்ப அது கண்ணடிக்குதுன்னு சிரிச்ச பையன் கையில விளையாட்டு சாமான்.