யார்க்‌ஷயர் வீட்டுல ஒரு பழைய லாங்கேஸ் கிளாக்: பல வருஷம் கூட இருந்து பார்த்த அனுபவம்

பழைய லாங்கேஸ் கிளாக், அதான் ஆள் உயரத்துக்கு மேல மரப்பெட்டிக்குள்ள தரையில நிக்கிற பெண்டுலக் கடிகாரம், ஒண்ணு வீட்டுல ஓடுதுன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கிறது டைம் கரெக்டா காட்டுமா, அடுத்தது ரிப்பேர் செலவு எவ்வளவு ஆகும்னு. டைம் காட்டும்ங்க, வாரத்துக்கு அரை நிமிஷம் ஒரு நிமிஷம் முன்ன பின்ன, அவ்வளவுதான். மெஷினும் பெருசா செலவு வைக்கலை. இத்தனை வருஷத்துல எனக்கு வேலை வச்சதெல்லாம் அந்த மரப்பெட்டியும் அது நிக்கிற தரையும் பின்னாடி இருக்கிற சுவரும்தான். வாங்கப் போறவங்க டயலைப் பார்த்து மயங்கிடுறாங்க, கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க உள்ள இருக்கிற மெஷினை, மூவ்மென்ட்டுன்னு சொல்வாங்க, அதைப் பார்க்கிறாங்க, கேஸை, அதாவது அந்த மரப்பெட்டியை, எல்லாத்துக்கும் கடைசியாத்தான் பார்க்கிறாங்க, அந்த வரிசையை அப்படியே தலைகீழா மாத்தணும்ங்கிறது என் கட்சி.

நாங்க இருக்கிறது இங்கிலாந்துல வடக்கே வெஸ்ட் யார்க்‌ஷயர்ல, மரப்பலகைத் தரை போட்ட பழைய டெரஸ் வீடு, அதாவது வரிசையா ஒட்டிக் கட்டின வீடு. கிளாக் 1800-க்கு அக்கம்பக்கம், ஒரு தடவை சாவி கொடுத்தா எட்டு நாள் ஓடும், ஓக் கேஸ், கதவு ஓரமா மஹாகனி பட்டை, வெள்ளை பெயிண்ட் டயல், மேல ஆர்ச்சுக்குள்ள நிலா. மேக்கர் பேர் இருந்த இடத்தை யாரோ ஒரு புண்ணியவான் ஈரத்துணி போட்டு துடைச்சிருக்கான், ஹாலிஃபாக்ஸ்ங்கிற ஊர் பேர் மட்டும்தான் தேறுது. இந்த பெயிண்ட் டயல்ல அடிப்பூச்சு நல்லா கெட்டியா இருக்கும், ஆனா பேரும் நம்பரும் அதுக்கு மேல எழுதினது, ஈரம் பட்டாலே கிளம்பி வந்துடும். அதனால டயல்ல கை வைக்காதீங்க, தூசு இருந்தா மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடுங்க போதும். புதுசா பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா ஓடியே வந்துடுங்க, நடுநடுவுல முடி மாதிரி வெடிப்பு விட்ட பழைய டயலுக்கு இருக்கிற மதிப்பு புதுசா மினுக்கின டயலுக்குக் கிடையாது.

பேர் அழிஞ்சதுல எனக்கு ரொம்ப வருத்தம் இல்ல, ஏன்னா அந்தப் பேர் முழுக் கதையை எப்படியும் சொல்லாது. 1772 வரைக்கும் பித்தளை டயல்தான், மணி எழுதின வளையம் தனி, மூலைக்கு வார்ப்பு அலங்காரம் தனின்னு எல்லாத்தையும் மேல பொருத்துவாங்க. அந்த வருஷம் பர்மிங்ஹாம்ல ஆஸ்பர்ன், வில்சன்னு ரெண்டு பேர் வெள்ளை டயலுக்கு விளம்பரம் குடுக்கிறாங்க, இரும்புத் தகட்டுல பெயிண்ட் அடிச்சது, இருட்டான ஹால்ல மெழுகுவத்தி வெளிச்சத்துல கூட மணி தெரியும், அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல வடக்கு இங்கிலாந்துல பித்தளை டயல் காணாமலே போச்சு. டயல் பர்மிங்ஹாம்ல இருந்து வரும், கேஸை உள்ளூர் தச்சர் அடிப்பாரு, மூவ்மென்ட்டை கிளாக்மேக்கர் முடிச்சு பேரை எழுதி விப்பாரு, ஆக ஒரு கிளாக்குல குறைஞ்சது மூணு பட்டறை வேலை இருக்கு. டயலுக்கும் மூவ்மென்ட்டுக்கும் நடுவுல ஒரு இரும்பு ஃபால்ஸ் பிளேட் இருக்கும், டயல் செஞ்சவன் பேர் பல சமயம் அதுலதான் வார்ப்பு எழுத்தா இருக்கும், வாங்கும்போது டார்ச் அடிச்சுப் பாருங்க.

தச்சர்னு சொன்னதும் இந்த ஏரியாக்காரர் ஜான் ஹாரிசன் ஞாபகம் வருது. கடல்ல லாங்கிட்யூட், அதாவது தீர்க்கரேகை, கண்டுபிடிக்க கடிகாரம் செஞ்ச அதே ஹாரிசன்தான், 1693-ல வேக்ஃபீல்டு பக்கத்துல ஃபௌல்பில பிறந்தவரு, அவரும் ஆரம்பத்துல தச்சர்தான். அவர் சின்ன வயசுல செஞ்ச லாங்கேஸ் மூவ்மென்ட்ல சக்கரமெல்லாம் மரம். 1717-ல செஞ்சது ஒண்ணு நாஸ்டெல் பிரையரிங்கிற பழைய மாளிகையில இருக்கு, இந்தப் பக்கம் வந்தா போய்ப் பாருங்க.

சரி கேஸுக்கு வருவோம். இந்த மார்க்கெட்ல மேரேஜ்னு ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழும், ஒரு கிளாக்கோட மூவ்மென்ட்டை வேற கிளாக்கோட கேஸுல ஏத்தி விக்கிறது. கேஸ் உளுத்துப் போயிருக்கும், நல்ல மூவ்மென்ட் சும்மா கிடக்கும், ரெண்டையும் சேர்த்து வச்சிடுவாங்க, இருநூறு வருஷத்துல இது எத்தனையோ கிளாக்குக்கு நடந்திருக்கு. கண்டுபிடிக்க ஹூடை, அதாவது டயலை மூடியிருக்கிற மேல்பெட்டியை, முன்னாடி இழுத்து எடுக்கச் சொல்லணும், மாட்டேன்னு சொல்ற ஆளுகிட்ட வாங்காதீங்க. மூவ்மென்ட் உக்கார்ற பலகை, அதை சீட்போர்டும்பாங்க, அதுல தேவையில்லாத ஓட்டை இருக்கா, அதைத் தாங்குற ரெண்டு பக்க மரத்துக்கு மேல துண்டு வச்சு உயர்த்தியிருக்கா, இல்ல அறுத்து இறக்கியிருக்கா, ஹூட் கதவைத் திறந்தா டயலைச் சுத்தி இடைவெளி சமமா இருக்கா, இல்ல ஒரு பக்கம் டயலோட ஓரம் சட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்குதா. நான் வாங்கினப்போ விவரக் குறிப்புல எல்லாம் ஒரிஜினல்னு போட்டிருந்தாங்க, பார்த்தா அடிப்பெட்டியோட காலு புதுசு, ஈரத் தரையில நின்னு நின்னு பழைய காலு போயிருக்கு, அதைச் சொல்லியே விலையைக் குறைச்சேன். காலு மாத்தினது பெரிய குத்தம் இல்ல, மூவ்மென்ட்டும் கேஸும் ஒண்ணா பிறந்ததாங்கிறதுதான் கேள்வி. பின்பலகை பெரும்பாலும் மென்மரம், பூச்சி துளைச்ச ஓட்டை இருந்தா தட்டிப் பாருங்க, புதுப் பொடி கொட்டுச்சுன்னா பூச்சி இன்னும் உள்ள குடித்தனம் நடத்துதுன்னு அர்த்தம்.

உயரமும் முக்கியம், இவையெல்லாம் ஏழு அடிக்கு மேல, வடக்கத்திய மஹாகனி கேஸ் சிலது எட்டு அடியையும் தாண்டும், இப்ப கட்டுற வீட்டுக்குள்ள நிமிர்ந்து நிக்காது. அதனாலதான் நிறைய கேஸுல காலை அறுத்திருப்பாங்க, இல்லேன்னா தலைமேல இருந்த உருண்டையைக் காணோம்.

நிக்க வைக்கிற விஷயத்துலதான் நான் நிறைய கத்துக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அழகா ஓடுது, ஞாயித்துக்கிழமை சாவி கொடுக்கிறேன், வியாழன் வெள்ளி வாக்குல நின்னு போகுது, தட்டி விட்டா திரும்ப ஓடுது, அடுத்த வாரமும் அதே கூத்து. மெஷின்ல ஒரு குறையும் இல்ல. பெண்டுலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 99.4 சென்டிமீட்டர், ஒரு பக்கம் போக சரியா ஒரு செகண்ட். கிளாக்கை ஓட்டுறது கயித்துல தொங்குற எடைக்கட்டிதான், அது தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வாரக் கடைசியில பெண்டுலம் குண்டு இருக்கிற மட்டத்துக்கு வருது, அப்ப அதோட கயிறு நீளமும் பெண்டுலம் நீளமும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும், கேஸ் லேசா ஆடினாக்கூட எடைக்கட்டியும் கூடவே ஆட ஆரம்பிச்சு பெண்டுலத்தோட சக்தியை உறிஞ்சிடும். கேஸை சுவரோட இறுக்கினா அன்னிக்கோட பிரச்சனை தீர்ந்துச்சு. ஆனா இறுக்குறது சும்மா இல்ல, கீழ சுவர் அடியில ஓடுற ஸ்கர்ட்டிங் பலகை நீட்டிக்கிட்டு நிக்கிறதால கேஸ் சுவரை ஒட்டாது, அந்த கனத்துக்கு ஒரு கட்டையை மேல சுவர்ல அடிச்சு, பின்பலகை வழியா அதுல ஸ்க்ரூ போடணும். கார்ப்பெட் இருந்தா இன்னும் வம்பு, சுவர் ஓரமா கார்ப்பெட்டைப் பிடிச்சு வைக்கிற ஆணிப்பட்டை மேல பின்காலு ஏறிக்கிட்டு கிளாக் முன்னாடி சாயும், அந்த இடத்துல கார்ப்பெட்டை வெட்டி எடுத்துடுங்க. பழைய ஸ்க்ரூ ஓட்டையே இருந்தா அதையே யூஸ் பண்ணுங்க, புதுசா துளைச்சா அடுத்து வாங்குறவன் திட்டுவான்.

ரசமட்டம் வச்சுப் பார்த்தா மட்டும் பத்தாது, காதால கேக்கணும். டிக் டாக் ரெண்டுக்கும் இடைவெளி சமமா இருக்கணும், நொண்டி நடக்கிற மாதிரி கேட்டா சீக்கிரமே நின்னுடும். பெண்டுலத்தைத் தள்ளுற கம்பியை ஒரு மயிரிழை வளைச்சா சரியாயிடும், முதல் தடவை தெரிஞ்சவரை வச்சுப் பண்ணுங்க.

மூவ்மென்ட் எவ்வளவு எளிமைன்னா, எட்டு நாள் கிளாக்குல கயிறு சுத்துற உருளை 12 மணி நேரத்துக்கு ஒரு சுத்து, சாவி கொடுத்தா 16 சுத்து, கணக்கு போட்டா எட்டு நாள், அவ்வளவுதான். பெண்டுலத்தோட ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி பல் பல்லா நகருற எஸ்கேப் வீல்ல 30 பல்லு, ஒரு பல்லுக்கு ரெண்டு டிக், நிமிஷத்துக்கு ஒரு சுத்து, அதனால செகண்ட் முள்ளை நேரா அதோட அச்சுலயே மாட்டிட்டாங்க. கூர்ந்து பார்த்தா ஒவ்வொரு அடிக்கும் அந்த முள் ஒரு துளி பின்வாங்கிட்டு நிக்கும், இது 1670 வாக்குல வந்த ஆங்கர் எஸ்கேப்மென்ட்டோட, அதாவது எஸ்கேப் வீலைத் தடுத்து விடுற அமைப்போட, குணம், பழுதுன்னு நினைச்சு பயப்படாதீங்க. சாவி கொடுக்கிற நேரத்துல எடைக்கட்டியோட இழுப்பு போயிடுறதால சில செகண்ட் விட்டுப் போகும். நேரம் முன்ன பின்ன ஆனா குண்டுக்குக் கீழ இருக்கிற நட்டைத் திருப்பணும், ஒரு மில்லிமீட்டர் ஏத்தி இறக்கினா நாளுக்கு 43 செகண்ட் மாறும், அதனால கால் சுத்துக்கு மேல திருப்பிட்டு அவசரப்படாதீங்க, ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. பெண்டுலக் கம்பி இரும்புங்கிறதால ஒரு டிகிரி சூடு ஏறினா நாளுக்கு அரை செகண்ட் மெதுவாகும், வெயில் காலத்துல ஒரு சொட்டு பின்தங்கினா நட்டுல கை வைக்காம விட்டுடுறது உத்தமம்.

மணி அடிக்கிறது பத்தி வீட்டுல பஞ்சாயத்து உண்டு. ஒரு நாளைக்கு 156 அடி. முதல் மாசம் வீட்டம்மா, "ஏங்க, நடுராத்திரி பன்னெண்டு அடிச்சு யாரை எழுப்பப் போகுது"ன்னு கேட்டாங்க, இப்ப அது அடிக்காட்டித்தான் முழிச்சுக்கிறாங்க. ஓடுறதுக்கு ஒரு எடைக்கட்டி, மணி அடிக்கிறதுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி சாவி ஓட்டை. விருந்தாளி வந்தா அடிக்கிற பக்கத்துக்கு மட்டும் சாவி கொடுக்காம விடுறது நிறைய பேர் பண்ற வேலை, அதுல ஜாக்கிரதை. ராக்னு ஒரு பல்லு வச்ச துண்டு எத்தனை அடிக்கணும்னு எண்ணுற ராக் ஸ்ட்ரைக்கிங் மூவ்மென்ட்ல அடிக்கிற பக்கம் செத்துக் கிடந்தா பன்னெண்டு தாண்டி ஒரு மணிக்குப் போறப்ப ராக் மாட்டிக்கிட்டு மொத்த கிளாக்கையும் நிறுத்திடும், விலகிக் கொடுக்கிற மாதிரி செஞ்சதும் உண்டு, ஆனா உங்களோடது எதுன்னு தெரியாம சோதிக்காதீங்க. அதே மாதிரி முள்ளைப் பின்னாடி திருப்பக்கூடாது. இங்க கோடைக்கும் குளிருக்கும் ஒரு மணி நேரம் மாத்துவாங்க, மார்ச்ல மாத்துறப்ப முன்னாடி நகர்த்திடுறேன், அக்டோபர்ல பெண்டுலத்தை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஓட்டிவிடுறேன்.

நிலாதான் வீட்டுல எல்லாருக்கும் செல்லம். ராத்திரி சந்தையில இருந்து திரும்புறவனுக்கு எந்த நாள் வெளிச்சம் இருக்கும்னு தெரியணுமே, அதுக்கு வச்சது. வட்டத் தகட்டுல ரெண்டு நிலா வரைஞ்சிருக்கும், விளிம்புல 118 பல்லு, ஒரு நாளைக்கு ரெண்டு பல்லு நகரும், 59 நாளைக்கு ஒரு சுத்து, அப்ப ஒரு மாசம் 29½ நாள். அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப நிலாவுக்கு மேல இருக்கிற நாள் நம்பரைப் பார்த்துட்டு, "டேய், இது திதியில்ல"ன்னு சந்தோஷமாயிட்டாங்க. கிட்டத்தட்ட அதேதான், ஆனா நிஜ மாசம் 29.53 நாள், அதனால ரெண்டரை வருஷம் கொஞ்சம் தாண்டினா டயல் ஒரு நாள் முன்னாடி ஓடியிருக்கும், கையால தள்ளிக்கணும். விரதத்துக்கெல்லாம் காலண்டரையே பாருங்க.

பராமரிப்புன்னா, பல்சக்கரத்துல எண்ணெய் விடக்கூடாது, இதைத்தான் ஆர்வக்கோளாறுல நிறைய பேர் பண்றாங்க. பல்லுல எண்ணெய் இருந்தா தூசு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அச்சு முனை நுழையுற ஓட்டைக்கும் எஸ்கேப் வீலைத் தடுத்து விடுற பேலட்டுக்கும் ஒரு பொட்டு, அதுவும் கிளாக் எண்ணெய். சில வருஷத்துக்கு ஒருக்கா முழுசா பிரிச்சு சுத்தம் பண்ணணும், அதுக்கு பிரிட்டிஷ் ஹொரலாஜிக்கல் இன்ஸ்டிடியூட் மெம்பரா இருக்கிறவங்களைத் தேடுங்க. எடைக்கட்டி தொங்குற கட் கயிறு, அதாவது விலங்குக் குடல்ல திரிச்ச கயிறு, நார் நாரா பிரிய ஆரம்பிச்சா உடனே மாத்திடுங்க, எடைக்கட்டி ஒண்ணொண்ணும் அஞ்சரை கிலோ சொச்சம், அறுந்தா கேஸோட அடிப்பலகை அவ்வளவுதான். ரேடியேட்டர் பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க, ஓக் காய்ஞ்சு கதவுல வெடிப்பு விடும், அந்த வெடிப்பை எந்த பாலிஷும் மூடாது.

விலையைக் கேட்டா ஆச்சரியமா இருக்கும். பழைய பெரிய மரச்சாமான் மோகம் போனதால சாதாரண ஓக் எட்டு நாள் கிளாக் எல்லாம் ஏலத்துல சில நூறு பவுண்டுக்கே கிடைக்குது, சமயத்துல வாங்குற விலையை விட சர்வீஸ் செலவு அதிகமாயிடும். லாபத்துக்கு வாங்குற பொருள் இல்ல இது. அடிக்கடி வீடு மாத்துறவங்களும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் எடைக்கட்டி, பெண்டுலம், ஹூட், மூவ்மென்ட்னு தனித்தனியா கழட்டி, புது சுவர்ல முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பட்ஜெட் இன்னும் கம்மின்னா 30 மணி நேர கிளாக் பாருங்க, ஒரே எடைக்கட்டி, தினமும் சங்கிலியைப் பிடிச்சு இழுத்து விடணும், மெஷின் ரொம்ப திடம். ஒரே விஷயம், அந்தக் காலத்துலயே எட்டு நாள் கிளாக்குன்னு பக்கத்து வீட்டுக்காரன் நினைக்கணும்னு டயல்ல பொய்யா ரெண்டு சாவி ஓட்டை வரைஞ்சு வச்சது நிறைய இருக்கு, அதனால ஓட்டையை நம்பி காசு கொடுக்காதீங்க, சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்துட்டு கொடுங்க.