பாதியில் ராஜினாமாவா, பதவியோடு போட்டியா, காலம் முடிந்த பிறகா? அமெரிக்க அரசியலில் மூன்று வழிகள்

2009 ஜூலை 3 அன்று அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின் பதவி விலகுவதாக அறிவித்தபோது, மக்கள் கொடுத்த நான்காண்டில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மிச்சமிருந்தது. நெறிமுறைப் புகார்களும் வழக்குச் செலவும் குவிவதைக் காரணமாகச் சொன்னார். அந்தச் சுமை உண்மையானது. ஆனால் அடுத்து எந்தப் பதவிக்கு என்ற கேள்விக்கு அன்று பதிலில்லை. அந்த வெற்றிடத்தை எதிராளிகள் "பாதியில் ஓடியவர்" என்ற ஒரே பட்டத்தால் நிரப்பினார்கள். 2012 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்கவேயில்லை. 2022-இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நின்று, இடைத்தேர்தலிலும் பொதுத்தேர்தலிலும் தோற்றார்.

ஆனால் ராஜினாமா என்றாலே தோல்விதான் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஹவாயின் நீல் அபர்க்ராம்பி 2010 பிப்ரவரியில், வாஷிங்டன் மாநிலத்தின் ஜே இன்ஸ்லி 2012 மார்ச்சில், ஃபுளோரிடாவின் ரான் டிசான்டிஸ் 2018 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையை விட்டார்கள். மூவரும் அதே ஆண்டு நவம்பரில் ஆளுநர் தேர்தலில் வென்றார்கள். விலகும்போதே மூவரும் அறிவிக்கப்பட்ட வேட்பாளர்கள். வாக்குப்பதிவுக்கு ஒன்பது மாதத்துக்கும் குறைவு. எதற்காக விலகுகிறார் என்று வாக்காளர் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

அதற்கும் விலை உண்டு; அதைக் கட்சி கொடுக்கிறது. பிரதிநிதிகள் சபையில் காலியிடத்தை நியமனத்தால் நிரப்ப முடியாது, தேர்தல்தான் வழி. அபர்க்ராம்பி விட்ட இடத்துக்கு 2010 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் இரண்டு ஜனநாயகக் கட்சியினர் வாக்கைப் பிரித்துக்கொள்ள, குடியரசுக் கட்சியின் சார்லஸ் ஜூ 40 சதவீதத்தைக்கூடத் தொடாமல் ஜெயித்தார். நவம்பரில்தான் இடம் திரும்பியது.

ஜனாதிபதி பதவி என்று வந்தால் கணக்கே வேறு. 1996-இல் மேலவையான செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்தபடியே குடியரசுக் கட்சி சார்பில் ஜனாதிபதிப் பதவிக்கு நின்ற பாப் டோல், குறைந்தபட்ச ஊதியம் போன்ற விவகாரங்களில் எதிர்க்கட்சி தன்னை அவையிலேயே கட்டிப்போடுவதைப் பார்த்து ஜூன் 11 அன்று செனட்டை விட்டார். நோக்கம் தெளிவாகவே இருந்தது. இருந்தும் 159-க்கு 379 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் (ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலவாரியான இந்த வாக்குகள்தான்) அன்றைய ஜனாதிபதி கிளின்டனிடம் தோற்றார். ராஜினாமா அவரைக் கெடுக்கவில்லை என்பதே என் கணிப்பு. பொருளாதாரம் நன்றாக இருக்கும்போது பதவியிலிருக்கும் ஜனாதிபதியை வீழ்த்த அது போதவில்லை, அவ்வளவுதான்.

பதவியிலிருந்தபடியே போட்டியிட்டு வென்றவர்கள் கிளின்டன் (1992), ஜார்ஜ் டபிள்யூ. புஷ் (2000), ஒபாமா (2008). ஒபாமா செனட்டை விட்டதே வென்ற பிறகு. தோற்றாலும் நாற்காலி மிஞ்சும் என்பது இதன் பெரிய பலம். தொல்லைகள் மூன்று. முதலாவது, தவறவிட்ட வாக்கெடுப்புகள்; 2016-இல் ஜனாதிபதிப் போட்டியில் இறங்கிய செனட்டர் மார்கோ ரூபியோவை இது விடாமல் துரத்தியது. இரண்டாவது, மாநிலச் சட்டம். டெக்சாஸ் 1959-இல் சட்டத்தை மாற்றியதால் லிண்டன் ஜான்சன் 1960-இல் துணை ஜனாதிபதிக்கும் செனட்டுக்கும் ஒருசேர நின்றார். கென்டக்கியில் ஒரே வாக்குச்சீட்டில் ஒரு பெயர் இரண்டு இடத்தில் வரக்கூடாது. அதனால் 2016-இல் ஜனாதிபதிப் பதவிக்கும் செனட்டுக்கும் ஒருசேர நிற்க விரும்பிய அம்மாநில செனட்டர் ரேண்ட் பாலுக்காகக் கட்சி தனியாகக் காகஸ் (ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சியே நடத்தும் கூட்டம்) நடத்த வேண்டியிருந்தது. மூன்றாவது, பணம். மாநிலத் தேர்தலுக்கு ஆளுநர் திரட்டிய நிதியை அப்படியே ஜனாதிபதிப் பிரசாரக் கணக்குக்கு மாற்ற கூட்டாட்சி விதி அனுமதிப்பதில்லை. செனட்டருக்கு அந்தத் தடை இல்லை.

பதவிக்காலத்தை முடித்துவிட்டு நிற்பதைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கார்ட்டரும் ரீகனும் 1975 ஜனவரியில் ஆளுநர் பதவியை முடித்தவர்கள். கட்சி வேட்பாளர் தேர்வு முதலில் தொடங்கும் அயோவா மாநிலத்தில் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றக் கார்ட்டருக்கு நேரம் கிடைத்தது, 1976-இலேயே ஜெயித்தார். ரீகன் அந்த ஆண்டு கட்சி வேட்பாளர் தேர்வில் தோற்று, 1980-இல் ஜெயித்தார். ஓடினார் என்று இருவரையும் சொல்ல முடியவில்லை, ஊர்சுற்றவும் நேரம் இருந்தது. ஜனாதிபதி கனவுள்ள ஆளுநருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

பாதியில் விலகியே ஆகவேண்டும் என்றால், கடிதம் எழுதுமுன் அந்த இடத்தை யார் நிரப்புவார் என்று பார்க்க வேண்டும். செனட் இடமென்றால் பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர்தான் தற்காலிகமாக ஒருவரை நியமிப்பார். ஆளுநர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் அந்த இடம் கைமாறும் ஆபத்து உண்டு.