மனிதக் குழுக்களின் மரபணு அமைப்பு: மைக்ரோசாட்டிலைட்டா, ஸ்னிப்பா?

மனிதக் குழுக்கள் எப்போது பிரிந்தன, எங்கே கலந்தன என்பதை டிஎன்ஏவிலிருந்து அறிய முனைபவர், எந்தக் குறிப்பானை (ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ இடத்தை) எடுப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். எந்த விடை கிடைக்கும் என்பதில் அந்தத் தேர்வுக்கும் பெரும் பங்கு உண்டு.

தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் தந்தைவழி வரும் ஒய் குரோமோசோமும் வம்சாவளியை மரமாக வரைய வசதியானவை. ஆனால் பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. இந்த இரு டிஎன்ஏக்களில் ஒவ்வொன்றும் அந்த மூதாதையரில் ஒருவரைப் பற்றி மட்டுமே பேசும். ஆண்களும் பெண்களும் வெவ்வேறு விதமாக இடம்பெயர்ந்தார்களா என்ற கேள்விக்கு இவை மிகவும் உதவும். ஒரு குழுவின் முழு வரலாறாக இவற்றைக் காட்டுவதை ஏற்க இயலாது.

உண்மையான போட்டி மற்ற குரோமோசோம்களில்தான். மைக்ரோசாட்டிலைட் என்பது ஒரு சிறு டிஎன்ஏ எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும் இடம்: ஜி-ஏ-டி-ஏ என்ற தொடர் ஒருவரிடம் 9 முறையும் இன்னொருவரிடம் 11 முறையும் வரலாம். ஒரே இடத்தில் பல வடிவங்கள் இருப்பதால் சில நூறு குறிப்பான்களே போதும். 2002இல் 52 குழுக்களைச் சேர்ந்த 1,056 பேரிடம் 377 மைக்ரோசாட்டிலைட்டுகளை ஆராய்ந்தபோது, கண்டங்களை ஒட்டிய தொகுதிகள் தெரிந்தன. ஆயினும் வேறுபாட்டில் 93 முதல் 95 விழுக்காடு வரை குழுக்களுக்குள்ளேயே இருந்தது. தொகுதிகளைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் படிக்க வேண்டும் என்பேன். மைக்ரோசாட்டிலைட்டின் குறை, மாற்றம் விரைவாக நிகழ்வது: தொடர்பில்லாத இரு வம்சாவளிகளிலும் 11 என்ற எண்ணிக்கை தனித்தனியே தோன்றிவிடலாம்.

ஸ்னிப் என்பது ஓர் எழுத்து மட்டும் மாறும் இடம். பெரும்பாலும் இரண்டே வடிவங்கள். தனியாக ஒரு ஸ்னிப் சொல்வது சொற்பம், அதன் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. 2008இல் 938 பேரிடம் ஏறத்தாழ 6,50,000 ஸ்னிப்புகள் ஆராயப்பட்டன. மாற்றம் மிக அரிதாக நிகழ்வதால் ஒரே எழுத்தைப் பெரும்பாலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாகக் கொள்ளலாம். அடுத்தடுத்த ஸ்னிப்புகள் சேர்ந்து வரும் துண்டுகளின் நீளத்தைக் கொண்டு இரு குழுக்கள் கலந்த காலத்தையும் கணிக்கலாம். எனவே புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்னிப்பையே பரிந்துரைப்பேன்.

ஆனால் பல ஸ்னிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கும் சிப்பில் உள்ள ஸ்னிப்புகள் பல, முதலில் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறியப்பட்டவை. அவற்றைக் கொண்டு அளந்தால் ஆப்பிரிக்கக் குழுக்களின் பன்மை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இந்தச் சாய்வு மைக்ரோசாட்டிலைட்டில் குறைவு. 2015இல் 26 மக்கள்தொகைகளின் 2,504 பேருக்குச் செய்யப்பட்டதுபோல முழு மரபணுத் தொகுதியையும் படித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு நீங்கும். மாதிரி சேகரிப்பில் வரும் தவறு அப்போதும் நீங்காது: கண்டத்தின் இரு முனைகளில் மட்டும் மாதிரி எடுத்து இடையில் வாழ்பவர்களை விட்டுவிட்டால், படிப்படியான மாற்றமும் இரு தனித் தொகுதிகளாகவே தெரியும்.