காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதை நிறுத்திய பிறகு

கடைசியாக நான் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டது 2018-ல். சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திரையின் ஓரத்தில் சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தது: 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது.' தினமும் நாலு தடவை. எரிச்சலில் அதைத் தூக்கிவிட்டு, விண்டோஸ் 10-லேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸோடு கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம் என்று விட்டேன். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தத் தைரியம் வந்திருக்காது. ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கி வீட்டில் செருகினால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அதைத் தொட்டால் போச்சு. கருப்புத் திரையைத் திறந்து அட்ரிப் கட்டளை அடித்து, ஒளிந்திருக்கும் கோப்புகளை வெளியே வரவழைக்க வேண்டும். எக்ஸ்பியோடு ஆன்டிவைரஸ் எதுவும் வராது. டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வரத் தொடங்கியது 2012-ல், விண்டோஸ் 8-லிருந்துதான். வேறொன்றைப் போட்டால் அது தானே ஒதுங்கிக்கொள்ளும், எடுத்தால் திரும்ப வேலைக்கு வந்துவிடும்.

ஜெராக்ஸ் கடை மட்டும் மாறவே இல்லை. போன வருடம்கூட அங்கே போய் வந்த பென்டிரைவில் ஒரு வைரஸைப் பிடித்துக் காட்டியது டிஃபெண்டர். நான் பிரிண்ட் எடுத்த பிடிஎஃப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

இலவச ஆன்டிவைரஸ் போடலாமே என்பார்கள். பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, 2024-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. எனக்கு அது போதும்.

உண்மையில் நான் மாட்ட இருந்தது ஒரே ஒரு தடவை. ஓசியில் கிடைத்த ஒரு கிராக் மென்பொருள், 'முதலில் டிஃபெண்டரை அணைத்துவிட்டு நிறுவவும்' என்றது. அணைக்கவும் போய்விட்டேன். திருடன் நாயைக் கட்டிப் போடச் சொல்கிறானே என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் எந்த ஆன்டிவைரஸ் இருந்தாலும் நானேதான் அணைத்திருப்பேன்.

மச்சான் ஒருவர் இன்னும் விண்டோஸ் 7 வைத்துக்கொண்டு, "நல்ல ஆன்டிவைரஸா ஒன்னு சொல்லு மாப்ள" என்கிறார். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) ஊர் ஊராகக் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆன்டிவைரஸ் காசுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கச் சொன்னேன். என்னிடம் இருப்பதில் ஞாயிற்றுக்கிழமை காப்பி எடுத்துவிட்டு, கேபிளைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவேன். ரான்சம்வேர் வந்தாலும் பீரோவுக்குள் கைவைக்க முடியாது.

மச்சான் இன்னும் வாங்கவில்லை.