காளருக்கு லேபில் வேலை இல்லை: ஸ்டெல்லாரிஸ், 1,100 மணி நேரத்துக்குப் பிறகு

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் சேல், ஸ்டெல்லாரிஸ், 75% தள்ளுபடி. கீழே ஒரே கேள்வி: "வேலைக்கார ஏலியன், வேலைக்கார ஏலியன்னு புலம்புவியே, அது இதுதானே? வாங்கலாமாடா?"

இதுதான். ஆனால் பதில் ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2016 மே மாதம் வெளிவந்த கணினி விளையாட்டு. விண்வெளி, பேரரசு, கப்பல் படை, ராஜதந்திரம் எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம். சண்டையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கப்பல்களை அனுப்பிவிட்டு நான் டீ போடப் போய்விடுவேன். என் மணிக்கணக்கில் பெரும்பகுதி போனது ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய திரையில், இனத்தை வடிவமைக்கும் இடத்தில்.

யுடோப்பியா என்ற டிஎல்சி (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி) இருந்தால் 'சின்க்ரெடிக் எவல்யூஷன்' என்ற தொடக்கம் கிடைக்கும். ஒரே கிரகத்தில் இரண்டு இனங்கள் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. ஒன்று ஆள்கிறது, மற்றது உழைக்கிறது. இரண்டையும் நாமே வடிவமைக்கலாம். என் ஆளும் இனத்துக்குச் செம்போத்தர் என்று பெயர். பறவை முகம், கொஞ்சம் திமிர். உழைக்கும் இனம் காளர். ஃபங்காய்டு (பூஞ்சை வகை) இனப் படங்களில் ஒன்றைப் பார்த்ததும் மழைக்கு மறுநாள் வேலியோரம் முளைக்கும் காளான் ஞாபகம் வந்தது, அப்படியே பெயரும் வந்துவிட்டது.

உழைக்கும் இனத்துக்கு 'சர்வைல்' என்ற குணம் கட்டாயமாக வரும். செய்யும் வேலையில் 10% கூடுதல் விளைச்சல். பதிலுக்கு நிபுணர் வேலைக்கோ ஆளும் பதவிக்கோ போக முடியாது, தலைவர்களாகவும் வர முடியாது. இங்கேதான் இந்தத் திரையின் குசும்பு. நல்ல குணம் வாங்கப் புள்ளி வேண்டும். கெட்ட குணம் ஏற்றுக்கொண்டால் புள்ளி திரும்பக் கிடைக்கும். தலைவர்களின் ஆயுளைக் குறைக்கும் 'ஃப்ளீட்டிங்'குக்கு ஒரு புள்ளி. தலைவர்கள் மெதுவாகக் கற்கும் 'ஸ்லோ லேர்னர்ஸு'க்கு இன்னொன்று. காளரில் தலைவரே கிடையாதே! அப்புறம் யார் ஆயுள் குறைகிறது, யார் மந்தமாகப் படிக்கிறார்கள்? இரண்டு புள்ளியும் சும்மா கிடைத்தது. அதில் 'இன்டஸ்ட்ரியஸ்' வாங்கிச் சுரங்க வேலையில் 15% ஏற்றினேன். முதல் தடவை இதைக் கண்டுபிடித்தபோது என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நாலாவது தடவை, அல்பாயுசு என்று எழுதிய கட்டத்தைச் சொடுக்கும்போது கை ஒரு நொடி நின்றது. கணக்கில் ஒன்றுமில்லைதான். என்றாலும் ஒரு இனத்தின் ஆயுளைக் குறைத்து அந்தக் காசில் கடப்பாரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பலன்? ஆட்டத்தின் காலம் 2200-ஆம் ஆண்டில் தொடங்கும். முதல் முப்பது, நாற்பது வருடங்கள் சொர்க்கம். 4.0 பதிப்புக்கு முந்தைய கணக்கில் சாதாரணச் சுரங்கத் தொழிலாளி 4 தாது எடுத்தால் காளர் 5 எடுப்பார். பக்கத்து வீட்டுக்காரன் மூன்றாவது கப்பலுக்குத் தாது சேர்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஐந்தாவதைக் கட்டிக்கொண்டிருப்பேன். இந்த ஆனந்தத்தை நான் மறுக்கவே மாட்டேன்.

பிறகு 2240 வரும். தாது தேவைப்பட்ட காலம் போய், ஆராய்ச்சியும் உலோகக்கலவையும் தேவைப்படும் காலம். எல்லாம் நிபுணர் வேலை. புது லேப் கட்டுவேன், காலியாகக் கிடக்கும். கிரகத்தைத் திறந்து பார்த்தால் வேலையில்லாமல் நிற்பவர்கள் எல்லோரும் காளர். பழைய பதிப்பில் ஒரு கிரகத்தில் ஒரு நேரத்தில் ஓர் இனம்தான் வளரும், அதுவும் எண்ணிக்கையில் குறைந்த இனத்துக்கே முன்னுரிமை. ஆராய்ச்சிக் கிரகத்தில் செம்போத்தரை நிரப்பிவைத்தால், "ஐயோ, இங்கே காளர் குறைவாயிற்றே" என்று விளையாட்டு காளரைப் பெற்றுத்தள்ளும். மக்கள்தொகைக் கட்டுப்பாடு, குடிபெயர்ப்பு என்று வைத்தியம் உண்டு. அதைக் கிரகம் கிரகமாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். நான் பேரரசனா, வேலைவாய்ப்பு அலுவலகக் கிளார்க்கா?

2025 மே மாதம் 4.0 வந்தது, மக்கள்தொகை முறையே மாறியது. மக்கள்தொகையை எண்ணும் அலகான 'பாப்', பழைய ஒன்று இப்போது 100. இனங்கள் வரிசையில் நிற்காமல் ஒரே நேரத்தில் வளர்கின்றன. வேலையில்லாதவர்கள் 'சிவிலியன்' என்ற அடுக்குக்குப் போய்விடுகிறார்கள். நியாயமாகச் சொன்னால் முன்பைவிட எவ்வளவோ மேல். என் எரிச்சல் மட்டும் தீரவில்லை. சிவப்பு எச்சரிக்கையோடு நின்ற காளர் இப்போது மரியாதையான பெயரோடு நிற்கிறார். லேப் காலியாகத்தான் இருக்கிறது.

சில நாள் யோசித்துப் பார்த்ததில் என் கோபம் வளர்ச்சிக் கணக்கின் மேல் இல்லை என்று தோன்றியது. உழைக்கும் இனம் என்றால் பிறந்த நாள் முதல் ஒரே அடுக்கில் கிடக்கும் இனம் என்று இந்தத் திரை எடுத்துக்கொள்கிறது. அறிவியல் புனைவுக்கு இது ரொம்பச் சோம்பேறித்தனம். தேன்கூட்டைப் பாருங்கள். வேலைக்காரத் தேனீக்கு வெயில் காலத்தில் சுமார் ஆறு வாரம்தான் ஆயுள். அதற்குள் அறையைச் சுத்தம் செய்யும், புழுவுக்கு ஊட்டும், மெழுகில் அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும், கடைசி வாரங்களில்தான் தேன் தேடி வெளியே போகும். வயதுக்கு ஒரு வேலை. ஆயுள் குறைவு என்பது அங்கே வாழ்க்கை முறையையே தீர்மானிக்கிறது. என் காளருக்கு அது வெறும் ஒரு புள்ளி. இளமையில் சுரங்கம், முதுமையில் லேப் என்று காளரை வடிவமைக்க ஒரு வழி இருந்திருந்தால் இன்னும் 1,100 மணி நேரம் கொட்டியிருப்பேன்.

இதே விளையாட்டை உருவாக்கியவர்களுக்குத் தலைகீழாக யோசிக்கவும் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். 2017-இல் வந்த சிந்தெடிக் டான் டிஎல்சியில் 'ரோக் சர்விட்டர்' என்று ஒரு இயந்திரப் பேரரசு. அங்கே வேலைக்காரர்கள்தான் ஆட்சியை நடத்துகிறார்கள். எஜமானர்களை உட்காரவைத்துச் சோறு போட்டுச் சீராட்டுகிறார்கள். கவனிப்பு கூடக்கூட அந்த வேலைக்காரர்களுக்கே ஆதாயம். அதை ஆடும்போது சிரித்துக்கொண்டே இருந்தேன். எதிர்முனையில், மரபணுத் தொழில்நுட்பம் முற்றியபின் 'நெர்வ் ஸ்டேபிள்ட்' செய்யலாம். அந்த இனத்துக்கு மகிழ்ச்சி என்ற அளவுகோலே வேலை செய்யாது. அந்தப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினேன். அந்த ஆட்டத்தை முடிக்கவில்லை.

சரி, நண்பா, உன் கேள்வி. அடிப்படை ஆட்டத்துக்கு இந்த விலை மலிவு. யுடோப்பியாவை வாங்குவதானால் டைசன் ஸ்பியர் (நட்சத்திரத்தையே மூடும் கூடு), ரிங்வேர்ல்டு (நட்சத்திரத்தைச் சுற்றிய வளைய உலகம்) கட்டுவதற்காக வாங்கு, வேலைக்கார இனத்துக்காக மட்டும் வாங்காதே. வாங்கியே தீருவேன் என்றால் காளர் மாதிரி இனத்தைச் சுரங்கக் கிரகத்திலும் பண்ணைக் கிரகத்திலும் மட்டும் வை, தலைநகரில் குறைத்துக்கொள்.

இதை எழுதும்போது பின்னணியில் ஆட்டம் நிறுத்திவைத்திருக்கிறது. வருடம் 2251. நேற்றுக் கட்டிமுடித்த லேபில் ஒரு ஈ காக்கை இல்லை. இப்போது கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு முறை கேட்டுப் பார்.