தைப்பிங் மிருகக்காட்சி சாலை: முதலில் ஒட்டகச்சிவிங்கியைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன பள்ளி விடுமுறையில், மூன்றாம் ஆண்டு படிக்கும் பேத்தியைத் தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனேன். 1961இலிருந்து இருக்கிற இடம். ஏரிப் பூங்காவை ஒட்டி, மரநிழலாக இருப்பதால் என் வயதுக்காரர்களும் சிரமமில்லாமல் நடக்கலாம். புலி, குரங்கு எல்லாம் பார்த்தோம், நன்றாகவே இருந்தன. என் மனத்தில் நின்றது ஒட்டகச்சிவிங்கிதான்.

நாங்கள் போனபோது ஒன்று கிளையிலிருந்து இலை உருவிக்கொண்டிருந்தது. நாக்கு ஏறக்குறைய ஒரு முழம், அதுவும் கறுப்பு. "தாத்தா, மை குடிச்சிருச்சா?" என்றாள் பேத்தி. வெயில் சுடாமல் இருக்கத்தான் அந்தக் கறுப்பு என்று கருதுகிறார்கள். மாடு மாதிரி இதுவும் அசை போடும். அப்போது கழுத்தையே பாருங்கள்: ஓர் உருண்டை கீழிருந்து மேலே வாய் வரை ஏறுவது தோலுக்கு வெளியே தெரியும். அதைப் பார்க்கவே நாங்கள் அரை மணி நேரம் நின்றோம். அவ்வளவு நீளக் கழுத்திலும் எலும்பு ஏழுதான், நமக்கு இருக்கிற அதே ஏழு. பேத்தி தன் பிடரியைத் தடவி எண்ணப் பார்த்தாள்.

27 வருடம் தோட்டத்துச் சனங்களுக்கு ரத்தக் கொதிப்பு பார்த்தவன் நான். மனிதனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் இதற்கு. இதயத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் மூளைக்கு ரத்தம் ஏற வேண்டுமே! நமக்கு அந்த அளவு இருந்தால் நேரே ஈப்போ ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன். நாள் முழுக்க நின்றாலும் இதற்குக் கால் வீங்குவதில்லை. காலின் கீழ்ப்பகுதியில் தோல் இறுக்கமான காலுறை போலப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் குடிக்க முன்னங்கால்களை அகட்டித் தலையைக் கீழே கொண்டுபோகும்போதும் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. கழுத்து நரம்புகளில் ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுகள் இருக்கின்றன. விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பால்மரம் சீவி, கால் நரம்பு சுருண்டு என்னிடம் வந்த அம்மாக்களை அந்த வேலியோரத்தில் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு தம்பி தன் பையனிடம், "ஆப்பிரிக்காவுல இது நம்ம ஊரு மாடு மாதிரி, எங்க பாத்தாலும் நிக்கும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை தம்பி, யானையைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது" என்று சொன்னேன். 1980களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தவை, 30 வருடத்தில், 2015 வாக்கில், ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டதாகக் கணக்கிட்டார்கள். 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியக்கூடிய நிலையில் உள்ள விலங்காக அறிவித்தது. காட்டை அழித்து விவசாயம், வேட்டை, உள்நாட்டுச் சண்டை எல்லாம் காரணம். காட்டை வெட்டிப் போட்ட தோட்டத்தில் பிறந்து அதன் சம்பளத்தில் வளர்ந்தவன் நான். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. பையன் "எல்லாம் செத்துடுமா?" என்று கேட்டான். நைஜர் நாட்டுக் கதையைச் சொன்னேன். 1990களின் நடுவில் அங்கே மிஞ்சியவை வெறும் 49. அரசாங்கம் வேட்டையைத் தடுத்தது, கிராமத்து மக்கள் தங்கள் வயல் பக்கம் வந்தவற்றையும் விட்டுவைத்தார்கள். இன்று 600க்கும் மேல். அப்புறம்தான் அந்தப் பையன் முகம் தெளிந்தது.

ஒரே வருத்தம் நாங்கள் பிடித்துப் போன வாடகை வேன். மூன்று மணி நேரம் என்று பேசிவிட்டு, இரண்டு மணி நேரம் ஆவதற்குள் டிரைவர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஆண் பெண் அடையாளத்தைக் காட்டவே நேரமில்லை. கொம்பின் நுனி மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஆண், முட்டி முட்டித் தேய்ந்தது. பெண்ணுக்கு நுனியில் முடி இருக்கும். குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

குடை மறக்காதீர்கள், தைப்பிங் மழை சொல்லிவிட்டு வராது. அடுத்த விடுமுறைக்கு என் தம்பி பேரனையும் சேர்த்துக்கொண்டு நாங்கள் ரயிலில் போகிறோம். நுழைந்ததும் நேரே ஒட்டகச்சிவிங்கி, புலியெல்லாம் அப்புறம் என்று பேத்தி இப்போதே சொல்லிவிட்டாள்.